கிளிஞ்சல் சுண்ணாம்பு

காசிமேட்டுல மீன் விக்கிற ஆயா, வெத்தல காம்ப கிள்ளி போட்டுட்டு நக நுனில துளியூண்டு சுண்ணாம்பு எடுத்து தடவுது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பாம், மத்ததுன்னா வாய் வெந்துடுமாம்.

கிளிஞ்சல் மட்டுமா, கண்ணுக்கே தெரியாத காக்கோலித்தோஃபோர்னு ஒரு பிளாங்க்டன் (கடல்ல மெதக்குற நுண்பாசி), அதுவும் கடல்தண்ணில இருந்தே சுண்ணாம்புத் தட்டு செஞ்சு உடம்பு மேல போத்திக்கும்.

சுமார் 70 லட்சம் வருஷம் முன்னாடி கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சப்போ, தட்டு செய்ய வெச்சிருந்த பைகார்பனேட்ட (கடல்தண்ணில கரைஞ்சிருக்கிற ஒரு கார்பன் வடிவம்) ஒளிச்சேர்க்கைக்கு திருப்பி விட்டுச்சுங்களாம், தட்டு மெலிஞ்சு போச்சு. சட்டைய வித்து சோறு தின்ன கதை, ஆனா பொழச்சிடுச்சுங்க!

இப்போ தலைகீழ். காத்துல கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன்ன 280 பிபிஎம் (பத்து லட்சத்துல 280 பங்கு), இன்னைக்கு 420ஐ தாண்டியாச்சு. சாப்பாடு கூடுதேன்னு சந்தோஷப்படவும் முடியாது, அது கரைஞ்சு தண்ணி அமிலம் பக்கம் நகந்தா தட்டு கட்றதே கஷ்டம். அதுவும் அப்போ மாற லட்சக்கணக்குல வருஷம் இருந்துச்சு, இந்த ஏத்தம் மொத்தமும் 300 வருஷத்துக்குள்ள.