ஆட்டுக்கால் சூப் பார்சல்: எந்த வண்டியில் வாங்கலாம்?

வீட்டுக்கு சூப் வாங்க வேண்டுமென்றால், ஓட்டலின் சோளமாவு சூப்பை விட்டுவிட்டு சாயங்காலத் தள்ளுவண்டிக்குப் போங்கள். நல்ல வண்டியைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அண்டாவில் கிடக்கும் காலைப் பாருங்கள். தோலோடு, வாட்டிய பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். சரியாக வாட்டிச் சுரண்டாத காலில் முடி பொசுங்கிய வாடை நிற்கும். எவ்வளவு மிளகு போட்டாலும் அது போகாது. அடுத்து ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். குடித்ததும் உதடுகள் லேசாக ஒட்டினால் ஜவ்வு நன்றாகக் கரைந்திருக்கிறது. ஒட்டாமல் நாக்கில் கொழகொழப்பு மட்டும் நின்றால், அது மாவு. அந்த சூப் வீட்டில் சூடாக்கும்போது அடிப்பிடிக்கும்.

ஆறு, ஆறரைக்குள் போய்விடுவது நல்லது. கூட்டம் ஏற ஏறச் சில வண்டிகளில் அண்டாவில் வெந்நீர் ஊற்றுவார்கள். உப்பு, மசாலாவைச் சரிக்கட்டலாம், கரைந்த ஜவ்வைச் சரிக்கட்ட முடியாது.

கையில் எவர்சில்வர் தூக்கு இருக்கட்டும். கிளம்பும்முன் கொதிநீர் ஊற்றி அலசினால் சூப் சீக்கிரம் ஆறாது. கொதிக்கும் சூப்பைப் பாலிதீன் பையில் வாங்கவே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடையும் உண்டு. மிளகுத்தூள், கொத்தமல்லியைத் தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள். முன்பே போட்டால் மிளகின் மணம் போய்விடும், மல்லி கறுத்துவிடும்.

உடனே குடிக்காவிட்டால், 2 மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தூக்கோடு வைத்தால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுவிடும். மறுநாள் மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுங்கள். கீழே சூப் ஜெல்லியாகக் கட்டியிருந்தால் அதே வண்டிக்குத் தாராளமாகத் திரும்பப் போகலாம். தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். தண்ணீர் சேர்க்காவிட்டால் சுண்டி உப்புக் கரிக்கும்.

சைவக்காரர்களுக்குக் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்ற கிழங்கில் வைக்கும் சூப் இருக்கிறது. அதை மலையிலேயே குடித்துவிடுங்கள்; 70 கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கு தளும்பாமல் இறங்குவது கஷ்டம். வீட்டுக்குக் கிழங்காக வாங்குங்கள். மேலே இருக்கும் பழுப்பு ரோமத்தைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் கழுவி நறுக்க வேண்டும். ரோமம் மிச்சமிருந்தால் தொண்டையில் உறுத்தும்.