பெயில் கிடைத்தும் உள்ளே இருந்த பையன்

இலவசச் சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்தபோது, முகாம்களில் நோட்டீஸ் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறை வகுத்தது. பெயில் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் எங்களையோ சிறைக்கு வரும் வக்கீலையோ அனுப்பிக் கைதிக்கு உதவலாம்.

நான் பார்த்த பையன் பனியன் கம்பெனித் தொழிலாளி. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். செல்போன் திருட்டு வழக்கு. உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்றது ஆணை. “இங்க எனக்கு யாரைத் தெரியும் மேடம்? கூட இருந்தவனுங்க ரூமையே மாத்திட்டுப் போயிட்டாங்க.”

அம்மாவின் நம்பர் மனப்பாடமில்லை. அது இருந்த அவனுடைய போன் ஸ்டேஷனில். ரேஷன் கடைக்கு எதிர்வீடு என்ற அடையாளத்தை வைத்து, அந்தப் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் வி.ஏ.ஓ.வைப் பிடித்து அம்மாவைக் கண்டுபிடித்தார். மகன் சிறையில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கைது விவரம் குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டதாகக் காகிதத்தில் இருந்தது!

உள்ளூர் ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சட்ட உதவி வக்கீல் மனுப் போட்டார். அதே 2023 உத்தரவு, உள்ளூர் ஆளைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்கிறது. 1978-லேயே மோத்திராம் என்ற கொத்தனார் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்ததைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு எரிச்சல்தான்.

மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். அம்மாவும் தாய்மாமாவும் ஆதார், ரேஷன் கார்டு, போட்டோவோடு பஸ் ஏறி வந்தார்கள். பார்த்தால், மாமா வீட்டு வரி ரசீது செத்துப்போன தாத்தா பெயரில்! அப்புறம் அந்த வீடு இவருடையதுதான் என்று வி.ஏ.ஓ. சான்று வாங்க மாமா மறுபடி ஊருக்குப் போய் வந்தார். ரிலீஸ் ஆர்டர் சிறைக்குப் போவதற்குள் லாக்கப் அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் பையன் வெளியே வந்தான்.

இன்னொன்று. பெயில் தேதியைச் சிறையில் கைதிகள் விவரம் பதியும் இ-பிரிசன்ஸ் மென்பொருளில் ஏற்ற வேண்டும். நான் போனபோது பல பெயர்களுக்கு நேரே அந்தக் கட்டம் காலி. தேதியே இல்லையென்றால் 7 நாளை எதிலிருந்து எண்ணுவது? இப்போதெல்லாம் உள்ளே போனதும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். என்னைக் கண்டாலே எழுத்தர் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுகிறார்.