மெயின்ஃப்ரேம் ஒத்துக்கொள்ளாமல் டெஸ்டிங்குக்குள் போக முடியாது

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் நான் பராமரிக்கிற ஒரு சின்ன சி லைப்ரரியின் புது வெர்ஷன் ஒருவழியாக டெஸ்டிங்குக்குள், அதாவது அடுத்த ஸ்டேபிள் வெளியீடு உருவாகிற கிளைக்குள், போய்விட்டது. லைப்ரரியின் பெயர் வேண்டாம், அதை எழுதியவரோடு எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. பழைய பைனரி கோப்பு வகை ஒன்றைப் படித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. என் லேப்டாப்பில், அதாவது ஏஎம்டி64 என்கிற வழக்கமான 64 பிட் இன்டெல்/ஏஎம்டி வகையில், எல்லா டெஸ்டும் பாஸ். பேக்கேஜில் தவறு தேடும் லிண்டியனும் வாய் திறக்கவில்லை.

மற்ற நிரல்கள் லைப்ரரியின் எந்த வெர்ஷனோடு ஒத்துப்போகும் என்பதைக் குறிக்கும் சோனேம் மாறியதால் பைனரி பேக்கேஜின் பெயரும் மாறியது. ஆகவே புதுப் பெயர்களை ஆட்கள் சரிபார்க்கும் நியூ வரிசையில் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். நியூ வரிசைக்கு சோர்ஸோடு, கட்டி முடித்த பைனரியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆனால் 2019-இல் வந்த விதிப்படி, நம் மெஷினில் கட்டிய பைனரி டெஸ்டிங்குக்குப் போகாது. டெபியனின் பில்டு சர்வரில் கட்டியதுதான் போகும். வரிசை தாண்டியதும் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தால் பேக்கேஜ், டெஸ்டிங்குக்கு முந்தைய கிளையான அன்ஸ்டேபிளிலேயே கிடக்கும், சோர்ஸை மட்டும் வைத்து இன்னொரு அப்லோடு போடும் வரை. அதனால் நியூவுக்கு, சோதனை முயற்சிகளுக்கான எக்ஸ்பெரிமென்டல் கிளை வழியாகவே போங்கள். அன்ஸ்டேபிளுக்கு எப்படியும் தனி அப்லோடு உண்டு, எதுவும் வீணாகாது. மற்ற ஆர்க்கிடெக்சர்களில் (பிராசசர் வகைகளில்) என்ன ஆகிறது என்பதும் யாரையும் தொந்தரவு செய்யாமல் தெரிந்துவிடும்.

எனக்கும் தெரிந்தது. ஏஎம்டி64 மட்டும் பச்சை. ஐ386-இல், அதாவது பழைய 32 பிட் இன்டெல்லில், ஒரு டெஸ்ட் தோல்வி. மற்றதெல்லாம் சிவப்பு.

முந்தைய வெர்ஷன் இதே ஆர்க்கிடெக்சர்களில் எல்லாம் சத்தமில்லாமல் கட்டப்பட்டிருந்தது. காரணம், அதில் டெஸ்டே கிடையாது. ஆனால் டெஸ்டிங்கின் விதி, முன்பு எங்கெல்லாம் கட்டப்பட்டதோ அங்கெல்லாம் புதியதும் கட்டப்பட வேண்டும் என்கிறது. கூட்டுச் சொத்துப் பத்திரம் மாதிரிதான், ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டாலும் பதிவாகாது.

ஐ386-ஐ முதலில் முடித்தேன். அங்கே தசமக் கணக்குப் போடும் எக்ஸ்87 ரெஜிஸ்டர்கள் 80 பிட், மெமரியில் வைக்கும் டபுள் வகை 64 பிட். இரண்டு தசம எண்களை அப்படியே சமமா என்று கேட்டால் அங்கே இல்லை என்றுதான் பதில் வரும். சின்ன வித்தியாசத்தை அனுமதித்ததும் சரியானது. டெபியன் 13-இல் ஐ386-க்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது. இருந்தும் அதற்காக ஒரு மாலை போனது.

ஆர்ம்64-இல் பில்டு தோற்கக்கூட இல்லை, தொங்கிவிட்டது. 150 நிமிடம் ஒரு வரி அவுட்புட்கூட இல்லை என்று பில்டு சர்வர் அதைக் கொன்றிருந்தது. அந்த லாகில் வேறு துப்பே இல்லை. டைமிங் பிரச்சினையோ, திரெட் பிரச்சினையோ என்று சம்பந்தமில்லாத இடங்களில் தேடி வார இறுதி முழுக்கப் போனது. அப்புறம்தான் பட்டியலை மறுபடி பார்த்தேன். ஆர்ம்64, ஆர்ம்ஹெச்எஃப், பிபிசி64இஎல், ரிஸ்க்வி64, மெயின்ஃப்ரேமான எஸ்390எக்ஸ் எல்லாமே ஒரே டெஸ்டில் தொங்கியிருக்கின்றன. தப்பித்தவை இரண்டும் இன்டெல் குடும்பம். இப்படி ஒரு பிரிவு கண்ணில் பட்டால் முதலில் சி மொழியில் ஒரு பைட்டை வைக்கும் சார் வகையைச் சந்தேகப்படுங்கள். இன்டெல்லில் அது குறி உள்ளது (மைனஸ் எண்ணும் வைக்கலாம்), இந்தப் பட்டியலின் மற்ற இடங்களில் குறி இல்லாதது. கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் வளையத்தில், வந்த மதிப்பைப் பெரிய வகையான இன்ட்டில் வைக்காமல் சாரில் வைத்திருந்தார்கள். கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1 அங்கே 255 ஆகிவிடும், வளையம் முடியவே முடியாது.

லைப்ரரி ஆசிரியருக்கு பேட்ச் அனுப்பினேன். "மெயின்ஃப்ரேமில் யார் இதை ஓட்டப் போகிறார்கள்?" என்று கேட்டு மூடிவிட்டார். ஆர்ம்64 மெயின்ஃப்ரேம் இல்லை என்று விளக்குவதை விட்டுவிட்டு, நடுவில் 255 என்ற பைட் இருக்கிற ஒரு கோப்பைச் செய்து அனுப்பினேன். குறி உள்ள சாரில் அந்த 255 அப்படியே -1 ஆகும். அவருடைய சொந்த இன்டெல் மெஷினிலேயே லைப்ரரி கோப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லாம் படித்தாயிற்று என்றது. பேட்ச் அன்றைக்கே சேர்ந்தது. இதற்கு மட்டும் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மிச்சம் எஸ்390எக்ஸ். ஐபிஎம் மெயின்ஃப்ரேம், டெபியன் வெளியிடுகிற ஆர்க்கிடெக்சர்களில் பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பது, இது ஒன்றுதான். டெஸ்ட் 1-ஐ எதிர்பார்த்தது, வந்தது 16777216. இந்த எண்ணை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள், 32 பிட் ஒன்று தலைகீழாகப் படிக்கப்பட்டால் இப்படித்தான் தெரியும். கோப்பின் தலைப்பகுதியை பைட் வரிசை பார்க்காமல் நேராக ஸ்ட்ரக்ட்டுக்குள் (சி மொழியின் புலத் தொகுப்புக்குள்) கொட்டியிருந்தார்கள்.

டெஸ்டை நிறுத்திவிடு என்று ஒருவர் சொன்னார். பில்டு ஆகும்தான், ஆனால் தப்பான எண்ணைக் கொடுக்கிற லைப்ரரியை ஸ்டேபிள் வரை அனுப்புவது எப்படி? எஸ்390எக்ஸ் பைனரியை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். அதற்கு வழி உண்டு. ஆனால் இதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களையும் அந்த ஆர்க்கிடெக்சரிலிருந்து எடுக்க வேண்டிவரும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

வேறு பிராசசராக நடிக்கும் கியூஎம்யு யூசர் மோடில் எஸ்390எக்ஸ் க்ரூட் (தனிச் சின்ன டெபியன் சூழல்) ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாக ஓடும், ஆனால் இந்த மாதிரிப் பிழைக்குத் தாராளமாகப் போதும். ஒவ்வொரு புலத்தையும் பைட் வரிசை மாற்றிப் படிக்க வைத்ததும் 1 வந்தது.

சார்ந்த பேக்கேஜ்கள் புது சோனேமுக்கு மாறும் டிரான்சிஷனுக்கு அனுமதி, அன்ஸ்டேபிள் அப்லோடு, சார்ந்த பேக்கேஜ்களின் மறுகட்டுமானம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. கடைசியில் இதைப் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜின் தானியங்கிச் சோதனையான ஆட்டோபிகேஜிடெஸ்ட் பிபிசி64இஎல்-இல் தோற்று வழியை அடைத்தது. பயந்துபோய் அதன் பழைய முடிவுகளைப் பார்த்தால், எங்கள் லைப்ரரி மாறாதபோதும் அது அவ்வப்போது தோற்றிருக்கிறது. எனக்காக அப்லோடு செய்யும் ஸ்பான்சரிடம் சொல்லி மறுபடி ஓட்டச் சொன்னேன், பாஸ். உங்கள் மீது பழி விழுந்தால் முதலில் அந்த டெஸ்டின் வரலாற்றைப் பாருங்கள்.

எண்டியன் பேட்சை ஆசிரியர் இன்னும் சேர்க்கவில்லை. அதுவரை டெபியன் பேட்ச் கோப்புறையில் நான்தான் சுமக்க வேண்டும், ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் திருத்தித் திருத்தி.