ஒரு ழகரத்துக்கு நான்கு நடை

மகளுக்கு எழிலி என்று பெயர் வைத்தோம். மேகம் என்று பொருள். 17ஆவது குறளில் 'தடிந்தெழிலி' என்று வருமே, அந்த எழிலி. வயிற்றில் இருக்கும்போதே நான் பிடித்துவைத்திருந்த பெயர். "நல்லாத்தான் இருக்கு, இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ?" என்று கணவர் கேட்டபோது சிரித்துவிட்டேன். பெங்களூரில் இருந்துகொண்டு சிரித்திருக்கக் கூடாது.

மருத்துவமனையே 21 நாள் கெடுவுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டது, பெயர் இல்லாமல். அதில் ஒன்றும் மோசமில்லை. 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் விழுகிற எழுத்துதான் ஆயுசுக்கும். அதனால் அவசரப்படாமல் எழுத்தைத் தேடினோம்.

அப்பாவின் கட்சி, எல். "சோழனுக்கும் தமிழுக்குமே எல் போட்டுத்தான் எழுதுறான், உன் மகளுக்கு என்ன?" சரி, போட்டுப் பார்த்தேன். எலிலி. தமிழில் எலி ஓடுகிறது. கன்னடத்திலாவது தப்பிக்குமா என்றால், அங்கே எலிக்குப் பெயர் 'இலி'. இரண்டு மொழியிலும் ஒரே பிராணி. எல் போச்சு.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகள் ஆர் போடச் சொன்னாள். அந்த ஊர்க்காரர்கள் நாக்கை மடித்துச் சொல்லும் ஆர் கிட்டத்தட்ட நம் ழகரம்தான், உண்மை. ஆனால் நம் ஊர் ஆர் அப்படி இல்லையே. எரிலி என்பார்கள். கணவரின் சித்தப்பா கூட்டு எண் சரியில்லை என்று கடைசியில் இன்னொரு ஐ கேட்டார். அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை.

மிச்சம் இருந்தது இசட் எச். அப்பா விடவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புப்படி மாற்றி ஆணை போட்டதையும், கேலி தாங்காமல் சில நாளிலேயே திரும்பப் பெற்றதையும் நினைவுபடுத்தினார். "அரசாங்கத்துக்கே முடியல" என்றார்.

ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். நான்கு விதமாக எழுதிய துண்டுச் சீட்டுகளை, பெயரைச் சொல்லாமல், குடியிருப்பில் ஒவ்வொருவரிடமும் நீட்டிப் படிக்கச் சொன்னேன். நீங்களும் செய்யுங்கள். ஆனால் தமிழர்களிடம் நீட்டாதீர்கள், அவர்கள் ஊகித்துவிடுவார்கள். லக்னோக்காரப் பக்கத்து வீட்டுப் பெண் இசட் எச் சீட்டைப் பார்த்து 'எஜீலி' என்றாள். இந்தியில் கோழிக்கோட்டையே 'கோஜிக்கோட்' என்கிறவர்கள், அவளைக் குறை சொல்ல முடியாது. கீழ்த்தளத்துக் கன்னடப் பையன் 'யெஸிலி' என்றான். தடுப்பூசி போடும் மலையாள நர்ஸ் மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அச்சாக "எழிலி" என்றார். ஆலப்புழை, கோழிக்கோடு எல்லாம் இசட் எச்சில் எழுதிப் பழகிய கை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊசி வலியில் குழந்தை அலறிக்கொண்டிருந்ததால் விட்டேன்.

இசட் எச் என்றே முடிவு செய்து பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு முதல் நடை போனேன். விண்ணப்பம், எங்கள் இருவர் ஆதார், எல்லாம் கையில். பத்து நிமிட வேலை. மறுவாரம் சான்றிதழ் வந்தது. ஆங்கிலத்தில் கச்சிதம். மேலே கன்னடத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: எஜிலி.

இங்கே சான்றிதழ் இரண்டு மொழியில் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கன்னடத்தில் எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து அவர்களே கன்னடம் ஆக்கிவிட்டார்கள். இரண்டாம் நடை. கவுன்டரில் இருந்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். "எஜிலின்னு தானம்மா எழுதிக் கொடுத்திருக்கீங்க?" எழிலி என்று சொல்லிக் காட்டினேன். "அதேதான் நானும் சொல்றேன், எஜிலி." திருத்தம் என்றால் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாம் நடை, முழு நஷ்டம். நோட்டரியிடம் தட்டச்சு செய்த பையன் ஆங்கிலப் பெயரில் ஒரு எல் கூடுதலாக அடித்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. கவுன்டர்காரர் பார்த்தார். அரை நாள் விடுப்பு, ஆட்டோக் காசு, பத்திரச் செலவு, எல்லாம் ஒரு எல்லுக்கு. கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தில் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். நம் பிள்ளையின் பெயர்தானே என்று கண் தாண்டிப் போய்விடுகிறது.

சரி, கன்னடத்தில் என்னதான் எழுதுவது? எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். "உங்கள் ழகரம் எங்களிடமும் இருந்ததம்மா" என்றார். ஹளெகன்னடத்தில் அதற்குத் தனி எழுத்தே உண்டாம், வட்டமாக எழுதியும் காட்டினார். பின்னாளில் அது பெரும்பாலும் ளகரத்தில் கலந்துவிட்டது. நம் ஏழு அவர்களுக்கு 'ஏளு', மழை 'மளெ'. ஹளெகன்னடம் என்பதில் உள்ள 'ஹளெ'யே நம் பழைய தான். அப்படிப் பார்த்தால் கன்னடத்தில் 'எளிலி' என்பது பிழையே இல்லை, சொந்தக்கார எழுத்து. 'எளெ' என்றால் இளசு, குழந்தைக்குப் பொருந்தும் என்று அவரே சமாதானமும் சொன்னார். கடைசி இரண்டெழுத்து 'இலி' மாதிரி ஒலிக்கிறதே என்றேன். "சின்ன எலிதானே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு காரணத்துக்கு. மதுரைக்காரரான என் மாமியார் பிறந்த நாளிலிருந்தே பேத்தியை "எளிலி, எளிலி" என்றுதான் கொஞ்சுகிறார். அவர் வாயில் வாழைப்பழமும் வாளப்பளம்தான். எட்டு மாதமாக உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நடை. புதுப் பத்திரம், அதில் இரண்டு மொழியிலும் பெயர், கூடவே ஆசிரியை கொட்டை எழுத்தில் கன்னடத்தில் எழுதித் தந்த சீட்டு. வாயைத் திறக்காமல் சீட்டை மட்டும் நீட்டினேன். கவுன்டர்காரர் அதைப் பார்த்தே அடித்தார், அச்சிடும் முன் திரையையும் என் பக்கம் திருப்பினார். "எளிலி. இப்படி முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சான்றிதழை இப்போது உறை போட்டு வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை குழந்தைக்கு ஆதார் எடுக்கப் போனோம். ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை கிடையாது, ஒரு புகைப்படம், பெற்றோரில் ஒருவர் ஆதார், பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், அதனால் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் ஆங்கிலத்தில் பெயரை அடித்ததும் பக்கத்துக் கட்டத்தில் கன்னடம் தானாக வந்து நின்றது.

எஜிலி.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் ஆசிரியையின் சீட்டைத் தேட ஆரம்பித்தேன்.