ரியல் தே கதோர்சே: ஜீப்பில் போன பணமும் கோர்தீத்தா தின்ற நிம்மதியும்

முதலில் அந்த ஜீப்காரர் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன். மெக்சிகோவின் சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில், ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊர் ரியல் தே கதோர்சே. அங்கிருந்து கீழே பாலைவனத்தில் இருக்கும் எஸ்தாசியோன் கதோர்சேவுக்குப் பழங்கால வில்லீஸ் ஜீப்பில் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே கதோர்சே நகராட்சிதான். கூட வந்த உள்ளூர்க் குடும்பத்திடம் ஆளுக்கு வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு என்னிடம் கறந்தார் மனிதர். கேட்டால், எனக்குத்தான் நல்ல இடமாம். எந்த இடம்? ஜீப்பின் கூரை! ஒரு கையில் கம்பி, மறு கையில் தொப்பி, பக்கத்தில் பாதாளம். காட்சி அபாரம் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பக்கத்து நகரமான மதெவாலாவிலிருந்து பஸ் உண்டு. கல் பாவிய மலைச்சாலையில் எலும்பெல்லாம் கழன்ற பிறகு, ஒகார்ரியோ சுரங்கப்பாதையின் வாயிலில் இறக்கிச் சின்ன பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். பெரிய பஸ் உள்ளே நுழையாது. 1901இல் திறந்த இந்த 2.3 கிலோமீட்டர் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வண்டி போக முடியும்.

வரிசை இத்தோடு போதும், கோர்தீத்தாவுக்கு வருகிறேன். தெருவோரத்தில் ஓர் அம்மா மக்காச்சோள மாவை உள்ளங்கையில் தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் ஓரத்தைக் கத்தியால் கீறி, சப்பாத்திக்கள்ளிப் பொரியலும் மிளகாயும் பாலாடைக்கட்டியும் திணித்துத் தருகிறார். விலையும் மலிவு. மூன்று வேளையும் அதுதான் என் சாப்பாடு.

தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். புனித பிரான்சிஸுக்கு நன்றி சொல்லிப் பக்தர்கள் மாட்டிய தகர ஓவியங்கள் அங்கே இருக்கின்றன: கவிழ்ந்த லாரி, கட்டிலில் நோயாளி, கீழே கோணல் எழுத்தில் நடந்த கதை. அருங்காட்சியகங்களில்கூட இவ்வளவு நேரம் நான் நின்றதில்லை.

மயக்கம் தரும் பெயோத்தே கள்ளியைத் தேடி வரும் சுற்றுலாக் கூட்டம்தான் எரிச்சல். அது விஷாரிகா பழங்குடியினருக்குப் புனிதச் செடி. தங்கள் ஊர்களிலிருந்து யாத்திரையாக இந்தப் பாலைவனத்துக்கு வருகிறார்கள். மற்றவர்கள் பறிப்பது சட்டப்படி குற்றம். பறிக்காமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

பணத்தை மதெவாலாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 4ஆம் தேதி புனித பிரான்சிஸ் திருவிழாவை ஒட்டி அறை தேடுகிறவர்களுக்கு என் அனுதாபங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், இரவுக் குளிர் போர்வைக்குள்ளும் வருகிறது.