பி0171: பட்டறை நாட்குறிப்பு

ஜூலை 7

மதியம் ஒரு பெட்ரோல் கார் வந்தது. மஞ்சள் என்ஜின் லைட் அணையவே மாட்டேன் என்கிறது. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். "வேற எடத்துல ஆக்சிஜன் சென்சாரை மாத்திட்டாங்க தம்பி. ஒரே வாரம், மறுபடியும் வந்துருச்சு."

ஸ்கேனர் போட்டதும் வந்த கோடு, அதாவது பழுதுக் குறியீடு, பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். தகவல் கொண்டுவந்த ஆளையே மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

"கோடை அழிச்சுப் பாருங்களேன்" என்றார். முடியாது சார் என்றேன். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோடு விழுந்தபோது என்ஜின் எப்படி இருந்தது என்பது அதில்தான் பதிந்திருக்கிறது. சூடு 91 டிகிரி, ஆர்பிஎம் 720, வேகம் 0. சிக்னலில் நின்றபோது விழுந்த கோடு. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 8

என்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டா (ஓடும்போதே வரும் அளவுகள்) பார்த்தேன். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ட்ரிம் (பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) ஷார்ட் டெர்ம் +9, லாங் டெர்ம் +19. வழக்கத்தைவிட ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துச் சமாளிக்கிறது ஈசியூ, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். இரண்டும் சேர்ந்து 10க்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை.

2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் கூட்டுத்தொகை 5க்கு இறங்கியது. பாதி வேலை இங்கேயே முடிந்தது. ஃப்யூல் பம்ப் தளர்ந்திருந்தால் லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். இங்கே இறங்குகிறது. அப்படியென்றால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ, கணக்கில் வராத திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று, அதில் ஓட்டை வழியாக வருவது பெரும்பங்கு. ரேஸ் கொடுத்தால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். (ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

காற்று உள்ளே போகும் இன்டேக்கில், புகை அடித்து ஓட்டையைக் காட்டும் ஸ்மோக் மெஷினை மாட்டி டார்ச் அடித்தேன். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) வளைகிற இடத்துக்கு அடியிலிருந்து நூல் மாதிரிப் புகை. மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரிகிறது. அடியில் விரலை விட்டால் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று இருக்கிறது, லேசாக அழுத்தினாலே பிளவு வாய் திறக்கிறது. சார் கையையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினேன்.

ஜூலை 9

ஹோஸ் இன்னும் வரவில்லை. இடையில் உதறிக்கொண்டே இன்னொரு வண்டி, என்ஜின் லைட் விட்டுவிட்டு மினுக்குகிறது. மினுக்கினால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தயவுசெய்து. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

கோடு பி0302, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் அதன் காயிலைக் கழற்றி, மூன்றாவதன் காயிலோடு இடம் மாற்றி மாட்டினேன். கோடு பி0303 ஆனது. காயில்தான். நகராமல் 2லேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போயிருப்பேன்.

ஜூலை 10

புது ஹோஸ், புது கிளாம்ப். கோடை இப்போதுதான் அழித்தேன். சாரையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஓட்டம். திரும்பி வந்து ஐடிலில் பார்த்தால் இரண்டு ட்ரிம்மும் சேர்ந்து +3.

"அப்ப அந்த சென்சாருக்குக் குடுத்த காசு?" என்று கேட்டார். எனக்கு வயிறெரிந்தது. பென்ஷன் பணம். ஐந்து நிமிடம் லைவ் டேட்டா பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

கோடை அழித்ததில் ரெடினெஸ் மானிட்டர்களும், அதாவது வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொண்ட முடிவுகளும், அழிந்திருக்கும். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லா மானிட்டரும் முடிந்து, பெண்டிங்கிலும் (இன்னும் உறுதியாகாத பட்டியலிலும்) கோடு இல்லையென்றால்தான் இந்த வேலை முடிந்தது என்று நோட்டில் அடிப்பேன்.