ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பட்டறைக்கு வந்த ஒரு பைக்குக்கு முன் போர்க் சீல் மாற்றித் தர மாட்டேன் என்று சொன்னது நான்தான். ஆயில் அளவைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பி கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்குகிறவன். முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் ஆயில் கசிகிறது என்று வந்தான். ஆயிலை உள்ளே நிறுத்துகிற ஆயில் சீல், தூசியைத் தடுக்கிற டஸ்ட் சீல், ஆயில் எல்லாம் அவனே வாங்கி வைத்திருந்தான். டஸ்ட் சீலை நெம்பித் தூக்கி, போர்க்கின் குரோம் பைப்பைத் துடைத்து, மேலிருந்து கீழே நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் தட்டியது. மறுபடி ஓட்டினேன், அங்கேயே தட்டியது. குரோம் பூச்சு போய்த் துரு தின்ற சின்னப் பள்ளம். பனியிலும் மழையிலும் வெளியே நிற்கிற வண்டிகளுக்கு இங்கே இது சகஜம். சீல் எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். இது சீல் ஏறி இறங்குகிற வழியிலேயே இருந்தது. புதுச் சீலை மாட்டினாலும் அதன் உதட்டை அறுத்துவிடும்.

அதுவும் டிஸ்க் பிரேக் இருக்கிற பக்கம். வழிகிற ஆயில் டிஸ்க்கிலும் அதைக் கவ்வுகிற பேடிலும் பட்டால் பிரேக் பிடிக்காது. சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 300 மீட்டர் வரை இறங்குகிற ரோடு அது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்னால்தான் விழும். பைப்பையும் மாற்றுவதானால் செய்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்றேன்.

“பைப்புக்கு இப்ப காசு இல்லண்ணா. வீட்லயே நான் மாத்திக்கிறேன். ஆயில் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். எத்தனை மில்லி என்பதோடு நிறுத்தவும் இல்லை. ஆயிலை ஊற்றி, பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்று. அப்புறம் ஸ்பிரிங் இல்லாமல் முழுசாக அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளந்து பார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும். கூடிப்போனால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிச் சீலையே தள்ளிவிடும். மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், ஸ்பிரிங் எகிறும்.

ஆபத்து என்று நான் தொடாத வேலையை அவன் செய்ய வழி சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால்? குத்துமதிப்பாக ஊற்றியிருப்பான். அது இதைவிட மோசம். நானே மாட்டிக் கொடுத்திருந்தால், பட்டறையில் பார்த்த வண்டிதானே என்று நம்பி இறங்குவான். அந்த நம்பிக்கையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதெல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் காசு இல்லை என்று அவன் சொன்னபோது, பைப்பை வாங்கிப் போடுகிறேன், மெதுவாகக் கொடு என்று சொல்லியிருக்கலாமே என்ற நினைப்பும் கூடவே வருகிறது. எல்லாருக்கும் அப்படிக் கடன் சொன்னால் பட்டறை நடக்காது. அது வேறு விஷயம்.

அப்புறம் ஒருநாள் மார்க்கெட் பக்கம் அந்த வண்டியைப் பார்த்தேன். குனிந்து பைப்பைத் தொட்டேன். சொட்டு ஆயில் இல்லை. பள்ளத்தை அரால்டைட் பசை வைத்து நிரப்பி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். நகம் தட்டவில்லை. சுத்தமான வேலை. சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பூச்சு எத்தனை மழை தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. டிஸ்க்கைத் தினமும் பார், ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதே என்றேன். தலையாட்டினான்.

இப்போது அவன் கூட்டாளி ஒருத்தன் வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். அவன் வண்டியில் பள்ளம் பெரிசு, பைப்பும் லேசாக வளைந்திருக்கிறது. அளவைச் சொல்லவில்லை. “அவனுக்கு மட்டும் சொன்னீங்களேண்ணா” என்றான். வளைந்த பைப்புக்கு எந்த அளவும் உதவாது என்றேன். அது உண்மை. நேராக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று அவன் கேட்கவில்லை.